கூத்தாநல்லூரில் ஒரு பேசும் கணினி

போன மாதம், இப்போது சர்வீஸ் வேலையில் இருக்கும் ஒருவர் எங்கள் பழைய அலுவலக ஆட்களின் கைபேசிக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். கும்பகோணத்தில் யாரோ ஆசைக்கு வாங்கி வைத்திருக்கும் பழைய கணினி. கனத்த பெட்டி, முதுகு நீண்ட மானிட்டர், மஞ்சள் பூத்த கீபோர்டு. கீழே ஒரு கேள்வி: "மேடம், ஆன் ஆகுது. ஆனா படமும் வரல, சத்தமும் வரல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

பதில் எழுதினேன். முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கார்டுகளைக் கழற்றி, விளிம்பை பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுநாள் படம் வந்துவிட்டது என்று கட்டைவிரல் போட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் அது அதோடு முடியவில்லை. படம், சத்தம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எனக்கு ஒரு வீடுதான் ஞாபகம் வரும். கூத்தாநல்லூரில் நூருல் அமீன் பாய் வீடு. அவர் இப்போது இல்லை. எழுதட்டுமா என்று அவர் மனைவி சுலைகா அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க. நாலு பேரு அவங்கள நெனைக்கட்டும்" என்றார்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள். அரசு விடுதியில் தங்கிப் படித்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தேன். தஞ்சாவூரில் ஒரு கணினி நிறுவனத்தின் கிளை இருந்தது. அங்கே சர்வீஸ் பிரிவில் வேலை கிடைத்தது. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த நிலை பெரிதாக மாறவில்லை. கிளை பெயர் மாறியது, முதலாளி மாறினார், டூல் பை மட்டும் என் தோளில் இருந்தது.

எங்கள் தலைமைப் பொறியாளர் சந்தானம் சார். எல்லோரையும் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார், டீ கொண்டு வருபவரையும் சேர்த்து. ஒரு இடத்துக்குப் போனால் உடனே பெட்டியைத் திறக்கமாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிஷினை ஓட்டுகிறவரிடம் பேச ஆரம்பிப்பார். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்கப்புறம் யார் தொட்டது, அறையைக் கழுவினார்களா, கரண்டு போய் வந்ததா. நான் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் கண்ணாலேயே வேண்டாம் என்பார். பிறகு எழுந்து, புறங்கையைப் பெட்டியின் பின்பக்கம் வைத்துச் சூடு பார்ப்பார். உள்ளங்கையை வைக்கமாட்டார். ஷாக் அடித்தால் உள்ளங்கை தானாக மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை விலகிவிடும் என்பார்.

ஒருமுறை அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில். திரை கறுப்பாகக் கிடந்தது. கணக்கு அடிக்கும் பெண் அழாத குறையாக நின்றாள். மில் முதலாளி அவளைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். சந்தானம் சார் அவளிடம் ரொம்ப நேரம் பேசினார். பிறகு மானிட்டரின் கீழே கையை விட்டு எதையோ திருகினார். படம் வந்துவிட்டது. தவிடு துடைக்கும்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முதலாளி என்ன கோளாறு என்று கேட்டார். "உள்ள ஒரு கனெக்‌ஷன் லூஸ். இந்தத் தூசிக்கு அப்படித்தான் ஆகும். இவங்க பேர்ல ஒண்ணும் இல்ல" என்றார் சார். திரும்பி வரும்போது ஜீப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. "படமும் போச்சு, சத்தமும் போச்சுன்னா ரெண்டையும் தனித்தனியா தேடாதீங்க மல்லிகா. ரெண்டுக்கும் பொதுவா எது இருக்கோ, அங்க போங்க." ஓய்வு பெற்று ஊருக்குப் போன சில வருடங்களில் அவர் காலமானார்.

அமீன் பாய் முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது சார் லீவில் இருந்தார். நான் எடுத்தேன்.

"மிஷின் போட்டா கத்துதும்மா. பேச மாட்டேங்குது."

"எப்படிக் கத்துதுங்க?"

அவர் வாயாலேயே அடித்துக் காட்டினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அந்தக் காலத்துக் கணினிகள் இயங்கத் தொடங்கும்போதே தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். எங்காவது தடங்கல் என்றால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் இப்படிக் கூப்பாடு போடும். நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் வீடியோ கார்டு. அவர் அடித்துக் காட்டிய ஒலியின் உயரம்கூட மாறவில்லை. கேட்டதை அப்படியே திருப்பித் தந்தார்.

"வீடியோ கார்டுதாங்க. திரையில ஒண்ணும் தெரியலல்ல?"

மறுமுனையில் சிரிப்பு. "எனக்கு எந்தத் திரையிலயும் ஒண்ணும் தெரியாதும்மா. கண்ணு இல்ல."

நேரில் போன பிறகுதான் முழுக்கப் புரிந்தது. அமீன் பாய் வளைகுடாவில் ஒரு துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். முதலில் மாலைக்கண். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகி, கடைசியில் அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. அங்கே பார்வையற்றோருக்கான ஒரு நிலையத்தில் பேசும் கணினியைப் பழக்கிவிட்டார்கள். நீங்கள் அடிக்கும் எழுத்தை, சொல்லை, வரியை அது ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும். குரலுக்கென்று உள்ளே தனியாக ஒரு கார்டு, வெளியே ஒரு ஸ்பீக்கர். வேலை போய் ஊருக்குத் திரும்பியபோது அதை வாங்கிக்கொண்டு வந்தார்.

கூத்தாநல்லூரிலும் சுற்றுப்பட்டிலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், மகனிடமிருந்து தகவல் இல்லை, இறந்தவரின் மையித்தை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் மனு அடித்துத் தருவது அமீன் பாயின் வேலை. ஜாதி, மதம் பார்க்கமாட்டார். முன்னறையில் ஒரு மேஜை, அதன் எதிரே ஒரு பெஞ்சு. வந்தவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பார். மிஷின் வாசிக்கும், தப்பிருந்தால் திருத்துவார், பிரிண்டரில் எடுத்துக் கொடுப்பார்.

மானிட்டர் அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் வீடியோ கார்டு சரியில்லை என்றால் அந்தப் பெட்டி மேற்கொண்டு இயங்காது. பார்வை இல்லாத மனிதரின் வாயைப் படக் கோளாறு ஒன்று அடைத்திருந்தது. கார்டைக் கழற்றினேன். வெண்ணாற்று ஈரக்காற்றில் விளிம்பு கறுத்திருந்தது. ரப்பரால் தேய்த்து, செருகி, ஆன் செய்தேன். கரகரத்த ஓர் ஆண் குரல் 'ரெடி' என்றது.

அடுக்களைக் கதவோரம் நின்ற சுலைகா அக்கா சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு தானே சிரித்தார். "இத்தன வருசமாகியும் பழக்கம் போகல. வீட்டுக்குள்ள திடீர்னு ஒரு ஆம்பள பேசுனா என்ன செய்ய?"

"அவன் நல்லவன்டி. சொன்னதத் தவிர வேற பேச மாட்டான்" என்றார் அமீன் பாய்.

அன்றைக்குத் தட்டில் தம்ரூட் என்ற ரவை இனிப்பு வைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பின் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். குறுவைக்கு மோட்டார் ஓடும் மாதங்களில் வோல்டேஜ் இறங்கும், பெட்டி மயங்கி விழும். ஒருமுறை எறும்பு. ஒருமுறை பவர் சப்ளைக்குள் பல்லி. புதுக் கணினி வாங்குங்கள் என்று சொல்லி ஒன்றைக் கொண்டுபோயும் காட்டினேன். புதிய குரல் ரொம்ப மென்மையாக இருக்கிறது, சொற்களை விழுங்குகிறது என்றார். கேட்டுப் பழகிய குரலை விட மனம் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவருடைய காது பற்றி ஒரு கதை இல்லாமல் அந்தத் தெருவில் ஆள் இல்லை. யார் வருகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தில் சொல்வார். பிரிண்டரில் காகிதம் கோணலாக இழுபடுவது என் காதில் விழுமுன் அவர் கை அங்கே போயிருக்கும்.

பிறகு ஒரு தை மாதம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது, சாலை முழுக்க வைக்கோல். அவரே போன் செய்தார்.

"குரல் மங்கிப்போச்சும்மா. 'ஸ' சத்தமே வரல. 'ஃப' வரல. 'டேட்'டா 'டேப்'பான்னு தெரிய மாட்டேங்குது."

போனேன். பெட்டியைத் திறக்குமுன் சார் பழக்கிய மாதிரி கேட்டேன். திடீரென்று போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக என்றார். குரல் கார்டில் உள்ள கெபாசிட்டர்கள் வருடக்கணக்கில் காய்ந்துபோகும். அவற்றை மாற்றினேன். குரல் பேசியது. எனக்கு நன்றாகத்தான் கேட்டது. அவர் தலையைச் சாய்த்து ஸ்பீக்கரருகே கொண்டுபோய், "கொஞ்சம் பரவால்ல" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் பரவாயில்லை என்பதே இல்லை.

சில நாளில் மறுபடி போன். இந்த முறை கார்டையும் ஸ்பீக்கரையும் தஞ்சாவூருக்கே எடுத்து வந்துவிட்டேன். பெஞ்சில் வைத்து, ஆஸிலோஸ்கோப் திரையில் அலையைப் பார்த்தேன். எந்த இடத்திலும் நசுங்கல் இல்லை. அது எனக்கு உறுத்தியது. கெபாசிட்டர் காய்ந்தால் குரலின் கனம்தான் முதலில் குறையும், குரல் மெலிந்து தகரம் மாதிரி ஆகும். அவர் சொல்வது நேர் எதிர். கனம் இருக்கிறது, கூர்மை இல்லை. அப்படியானால் ஸ்பீக்கர் காகிதம் நைந்திருக்க வேண்டும் என்று ஒரு புது ஸ்பீக்கரையும், வெவ்வேறு உயரத்தில் ஒலி எழுப்பும் சிக்னல் ஜெனரேட்டரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பகல் தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தார். மேஜை முன்னால் உட்கார்ந்தார். ஜெனரேட்டரை ஸ்பீக்கரோடு இணைத்தேன்.

"பாய், ஒரே சத்தம் கீழேருந்து மேல போகும். கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சுக்கங்க. எங்க நிக்குதோ அங்க கைய இறக்கிடுங்க. உங்க காதுதான் எனக்கு மீட்டர்."

"சரிம்மா."

கையைத் தூக்கினார். திருகைத் திருப்பினேன். வண்டு முரல்வது போலத் தொடங்கியது. பிறகு புல்லாங்குழல் உயரம். பிறகு குக்கர் விசில். கை அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கை இறங்கிவிட்டது.

பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். அதே இடத்தில் கை இறங்கியது. நான் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போனேன். சுலைகா அக்கா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். "அய்ய, என்ன இது, கீச்சுன்னு பல்லு கூசுது" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அமீன் பாயின் கை தொடையின் மேல் இருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து என்ன என்று காத்திருக்கிற முகம்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொத்திய கைகள் மெல்ல இறங்கின. சொல்லாதே என்பது போல் ஒரு கையை மட்டும் ஆட்டினார்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அவர்.

ஸ்பீக்கர் கத்திக்கொண்டுதான் இருந்தது. நான் திருகைத் தொடவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். கார்டு போய்விட்டது, இதற்கு இப்போது உதிரி கிடைக்காது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதை நம்பி, காதை விட்டுவிட்டுக் கார்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

"பாய், சத்தம் இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு."

அவர் கையை நீட்டி ஸ்பீக்கரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வலைக்கு உள்ளே அது அதிர்வது விரலுக்குத் தெரிந்திருக்கும்.

"எனக்குத் தெரியும். பள்ளிவாசல்ல பாங்கு சொல்றது போன வருசத்துலேருந்தே தூரமாப் போயிருச்சு. கோளாறு மிஷின்லயே இருக்கட்டும் ரப்பேன்னு துஆ செஞ்சுக்கிட்டுதான் உங்களக் கூப்புட்டேன்."

சுலைகா அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஜெனரேட்டரை அணைத்தேன். அணைத்தது அவருக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் நிறையச் சோதனை செய்தார். கண்ணுக்கு வந்ததையும் கேட்டுக்கொண்டார். இரண்டும் வேறு வேறு நோயில்லை, பிறவியிலேயே உடம்பில் இருந்த ஒரே கோளாறு முதலில் கண்ணைத் தின்றது, இப்போது காதைத் தின்கிறது என்றார். மருந்து இல்லை. காதில் மெஷின் வைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். ரெண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அங்கே போ என்று சார் சொன்னது அந்த அறையில் என் நினைவில் வந்தது. இங்கே அதைக் கழற்றித் தேய்த்துச் செருக வழியில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். அந்தக் குரலின் உயரத்தையும் வேகத்தையும் மாற்றலாம். உயரத்தைக் கீழே இறக்கினேன். வேகத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லைச் சொல்ல வைத்தேன், 'எஸ்' என்பதற்குப் பதில் ஒரு ஊரின் பெயர், 'எஃப்' என்பதற்கு இன்னொன்று. அந்த ஆண் குரல் கிழவன் குரலாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் ஆனது. "இப்பத்தான் இவனுக்கும் எனக்கும் ஒரே வயசு" என்றார் அமீன் பாய். அதை வைத்து அவர் சில வருடங்கள் மனு அடித்தார். ஒரு பக்கத்துக்கு முன்பு ஆன நேரத்தைவிட நாலு மடங்கு ஆகும். பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவருடைய சொந்தக் குரல் மட்டும் வரவரச் சத்தமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஆகிக்கொண்டே வந்தது.

நான் ஓய்வு பெற்றேன். முட்டி வலி. பஸ் ஏறி அவ்வளவு தூரம் போவது குறைந்துவிட்டது. போனில் அக்கா சொல்வார். காது மெஷினும் இப்போது உதவுவதில்லை, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுகிறேன், படித்துவிடுகிறார் என்று. ஆனால் அடிப்பதை நிறுத்தவில்லை. விரலுக்கு எழுத்துகள் மனப்பாடம், காதே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். எப்போதாவது ஓர் ஏழைப் பெண் வருவாள்.

ஒரு நாள் அக்கா கூப்பிட்டார். "மல்லிகா, படத்துல கோளாறு போல. எழுத்தெல்லாம் கண்டபடி தெரியுதுன்னு மனு எழுத வந்த பொண்ணு சொல்லுது. அதுக்கு இங்கிலீசு கொஞ்சம் தெரியும். வந்து பாக்குறீங்களா?"

வீடியோ கார்டில் நினைவுச் சில்லு பழுதானால் திரையில் எழுத்துகள் மாறிக் குழம்பித் தெரியும். பழைய பெட்டிகளில் சகஜம். வீட்டில் கிடந்த ஒரு கார்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அமீன் பாய் மேஜை முன் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நான் தோளைத் தொட்டேன். கையை நீட்டினார். உள்ளங்கையில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். "மல்லிகாம்மா! வாங்க, வாங்க" என்றார் தெருவுக்கே கேட்கும்படி.

திரையைப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. ஆனால் கார்டை மாற்றுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அக்காவிடம், "பிரிண்ட் எடுத்த காகிதம் ஏதாவது இருக்கா?" என்றேன். எடுத்து வந்தார். காகிதத்திலும் அதே குழப்பம், எழுத்துக்கு எழுத்து. படக் கோளாறு என்றால் திரையோடு நின்றிருக்கும். காகிதத்துக்கு வராது.

முதல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'சர்' (Sir) என்று வர வேண்டிய இடத்தில் 'டாட்' (Dot) என்றிருந்தது. அந்த ஒரு சொல்தான் படிக்கக் கூடியதாக இருந்தது. கீபோர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் வலப்பக்கத்து எழுத்து விழுந்திருக்கிறது. அவருடைய இரண்டு கையும் ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்திருந்தன. ஆள்காட்டி விரல்கள் இருக்க வேண்டிய இரண்டு கட்டைகளிலும் ஒரு சின்ன மேடு இருக்கும், விரல் அதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும். தடவிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. குரல் கேட்ட வரைக்கும் ஓர் எழுத்து தப்பினால் அது சொல்லிவிடும். இப்போது சொல்ல யாருமில்லை. அவர் ஒரு தப்பும் இல்லாமல், அழகான ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மல்லிகா, கார்டா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. கை தள்ளி இருக்கு."

அக்காவுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப கார்த்திகை மாசம் பொதக்குடிலேருந்து ஒரு பொண்ணு வந்துச்சே. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவங்க அடிச்சுக் கொடுத்தத அப்படியே கவர்ல போட்டு அனுப்புச்சு. பதில் வருமா வருமான்னு தபால்காரரக் கேட்டுக்கிட்டு இருக்கு, மல்லிகா."

அமீன் பாய் இரண்டு பேரின் அசைவையும் எப்படியோ உணர்ந்திருக்க வேண்டும். அடிப்பதை நிறுத்தினார். "என்ன கோளாறு?" என்றார்.

இந்த முறை அக்கா கையை ஆட்டவில்லை. நான் அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பிடித்து, ஒரு கட்டை இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் விரல்கள் அங்கேயே கிடந்தன. வெகுநேரம். பிறகு இடது சுண்டு விரலால் ஓரத்துக் கட்டையைத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எவ்வளவு நாளா?"

உள்ளங்கையில் எழுதினேன்: இன்னைக்குத்தான்.

அவர் என் விரலை அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டார். "காதுக்கு உண்மை சொன்னீங்க. இதுக்கு மட்டும் ஏம்மா?" என்றார். பிறகு மனைவி இருக்கும் பக்கம் திரும்பி, "சுலைகா, யார் யாருக்கு அடிச்சேன், எல்லாரையும் வரச் சொல்லு" என்றார்.

நல்லவேளையாக, குரல் கேட்காமல் போன பிறகு வந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. பொதக்குடிப் பெண், ஆங்கிலம் தெரிந்த இந்தப் பெண், அவ்வளவுதான். பொதக்குடிப் பெண்ணுக்கு இன்னும் பதில் வராததை அக்கா அவர் கையில் எழுதினார். நான் பையிலிருந்த பசையை எடுத்து, அந்த இரண்டு கட்டைகளிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துக் காயவிட்டேன். மதியச் சாப்பாடு முடிவதற்குள் கெட்டியாகிவிட்டது. விரலை வைத்துப் பார்த்து, "குத்துது. நல்லது" என்றார்.

பொதக்குடிப் பெண் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். கைக்குழந்தை. அவள் கணவனைக் கட்டடக் கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அவள் சொல்வதை அக்கா சுருக்கி அவர் உள்ளங்கையில் எழுதினார். முதல் மனுவின் விவரம் முழுக்க அவருக்கு நினைவில் இருந்தது, பேர், முகாம், வேலைக்குச் சேர்ந்த நாள் எல்லாம். மிச்சத்துக்குத்தான் கை நீட்டினார். ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிவிட்டு அடித்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, சரி என்றால் தோளில் ஒரு தட்டு. தப்பு என்றால் இரண்டு. இரண்டு தட்ட வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "தங்கச்சி, போன தடவ நான் அடிச்சுக் கொடுத்தது செல்லாது. அதுல எழுத்தே இல்ல. உனக்குப் பதில் வராம இருந்ததுக்கு நான்தான் காரணம். மன்னிச்சுக்க."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. "பரவால்லைங்க அத்தா, இப்ப வந்துரும்ல?" என்றாள்.

அவர் காதில் அது விழவில்லை. அக்காவும் கையில் எழுதவில்லை.

அந்த மனுவுக்குப் பதில் வந்தது. ஆள் வந்து சேர இன்னும் ஒரு வருடம் ஆனது. அமீன் பாய் அதைப் பார்க்க இல்லை.

அன்றைக்கு இரண்டு மனுவும் முடிந்து, பெண்கள் போன பிறகு, நான் பையை எடுத்துக் கிளம்பப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இனிமே யாரையும் வரச் சொல்லாத சுலைகா. கூத்தாநல்லூர்லயும் மன்னார்குடிலயும் இங்கிலீசு படிச்ச புள்ளைங்க நெறைய இருக்கு. அங்க போகச் சொல்லு."

அக்கா அவர் கையை எடுத்து எதையோ எழுதப் போனார். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இல்லடி. கை தள்ளினா எனக்குத் தெரியாது. இன்னொரு பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கக் கூடாது."

பிரிண்டரை அணைத்தார். பிறகு பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு சுவிட்சைத் தேடினார். நான் உதவப் போகவில்லை. சுவிட்சை அமுக்கிவிட்டு, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் விரித்து வைத்தார். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது வேகம் குறைந்து, இழுத்து இழுத்து, நிற்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

"நின்னுருச்சு" என்றார்.